தப்பான கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்தீர்களா?

அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் இன்டெல் கணினிகள் பலவற்றில் ‘ஏஎம்டி’ (AMT) என்றொரு வசதி உண்டு. நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பிரிவினர் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார வேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே கணினியை அணைக்கலாம், முடுக்கலாம், திரையைப் பார்க்கலாம், விசைப்பலகையை இயக்கலாம், இயங்குதளத்தையே புதிதாக ஏற்றலாம். கணினி அணைந்திருந்தாலும் பரவாயில்லை, மின் இணைப்பு இருந்தால் போதும். இதற்காக சிப்செட்டுக்குள்ளேயே தனியாக ஒரு சிறு செயலியும், அதில் ஒரு குட்டி வெப் சர்வரும் இருக்கின்றன. பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரியோடு 16992 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்து அடித்தால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு பெட்டி வரும்.

2017 மே 1 அன்று இன்டெல் வெளியிட்ட எச்சரிக்கை இந்தக் குட்டி சர்வரைப் பற்றியது. கடவுச்சொல் தெரியாதவரையும் அது உள்ளே விடுகிறது. அந்தச் சிறு செயலிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் 6ஆம் பதிப்பு தொடங்கி 11.6 வரை, பல ஆண்டுகளாக, யாரும் கவனிக்காமல் அப்படியே இருந்திருக்கிறது.

அந்த சர்வரில் சரிபார்ப்பே இல்லையோ என்று நினைக்க வேண்டாம். இருந்தது, நல்ல முறையாகவும் இருந்தது. ‘டைஜஸ்ட்’ என்பது அதன் பெயர். கடவுச்சொல் நெட்வொர்க்கில் பயணம் செய்யவே செய்யாது. சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை அனுப்பும். பிரவுசர் அந்தக் குறியீடு, பயனர் பெயர், கடவுச்சொல், கேட்கும் பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் சேர்த்து எம்டி5 என்ற கணக்கின் வழியே ஓட்டி, 32 எழுத்து கொண்ட ஒரு விடையைத் திருப்பி அனுப்பும். சர்வரும் அதே கணக்கைத் தன் பக்கத்தில் போட்டு வைத்திருக்கும். இரண்டு விடைகளும் ஒன்றா என்று பார்ப்பது மட்டுமே பாக்கி.

அந்தக் கடைசி வரியில்தான் கோளாறு. சி மொழியில் இரண்டு எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் ஒரு ஃபங்ஷனுக்கு, எத்தனை எழுத்து வரை ஒப்பிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே 32 என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் ‘வெளியிலிருந்து வந்த விடை எவ்வளவு நீளமோ அவ்வளவு’ என்று இருந்தது. ஒழுங்கான பிரவுசர் எப்போதும் 32 எழுத்து அனுப்புவதால் எல்லாம் சரியாகவே நடந்தது. ஒரே ஓர் எழுத்தை அனுப்பினால்? முதல் எழுத்தை மட்டும் ஒப்பிடும். எதையுமே அனுப்பாவிட்டால் ஒப்பிட வேண்டிய எழுத்துகள் பூஜ்யம். பூஜ்யம் எழுத்துகளுக்குள் வித்தியாசம் எதுவும் இருக்க முடியாதே. ‘வித்தியாசம் இல்லை’ என்று ஃபங்ஷன் சொல்லும், ‘அப்படியானால் சரியான ஆள்’ என்று சர்வர் எடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்து இன்டெலுக்குச் சொன்னவர் எம்பெடி என்ற நிறுவனத்தின் மக்சிம் மல்யூதின். இன்டெலின் எச்சரிக்கையில் விவரம் எதுவும் இல்லை. ஆனாலும் டெனபிள் நிறுவனத்து ஆய்வாளர்கள் சில நாள்களுக்குள்ளாகவே அதைத் தாங்களாகக் கண்டுகொண்டார்கள். அவர்கள் செய்தது யாருக்கும் புரியக்கூடிய வேலை. தங்களிடம் இருந்த ஒரு கணினிக்குப் போகும் விடையை இடைமறித்து, அதை ஓர் எழுத்தாகச் சுருக்கி அனுப்பினார்கள். உள்ளே விட்டது. அந்த ஓர் எழுத்தையும் எடுத்துவிட்டு அனுப்பினார்கள். அப்போதும் உள்ளே விட்டது.

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவியோ கணிதமோ தேவைப்படவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். லாகின் பக்கத்தைச் சோதிக்காமல் யாரும் வெளியிடுவதில்லை. சரியான கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே போகிறதா என்று பார்ப்பார்கள். ஏதோ ஒரு தப்பான கடவுச்சொல்லை அடித்து, மறுக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அத்தோடு சோதனை முடிந்துவிடுகிறது. ஆனால் தப்பில் எத்தனையோ வகை இருக்கிறது. வெறுமையான விடை, பாதி விடை, ஆயிரம் முறை வரும் விடை, ஒரே நொடியில் இருநூறாக வரும் விடை, நேற்றைய விடை, இன்னொருவருக்கு உரிய விடை. சரிபார்ப்பின் பலவீனங்களில் பெரும்பாலானவை ரகசியக் குறியீட்டுக் கணிதத்தில் இருப்பதில்லை. மறுக்க வேண்டிய இடங்களை யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்காததில்தான் இருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல் கதையையும் பார்க்க வேண்டும். இணையதளங்களில் பெரும் பங்கு தங்கள் தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் அது. 2012இல் மரியாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் செர்கெய் கோலுப்சிக் மைஎஸ்க்யூஎல்லில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சில கணினிகளில், தப்பான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஏதோ ஒரு முறை அது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. காரணம், ஒப்பிடும் ஃபங்ஷன் வித்தியாசத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறது. பூஜ்யம் என்றால் இரண்டும் ஒன்று, வேறு எந்த எண் வந்தாலும் வேறு வேறு. அந்த எண் பெரிதாகவும் வரலாம். மைஎஸ்க்யூஎல் அதை ஒரே ஒரு பைட்டில் அடைத்து வைத்துக்கொண்டது. 256, 512 போன்ற எண்களை ஒரு பைட்டுக்குள் அடைத்தால் எஞ்சுவது பூஜ்யம். ஒவ்வொரு முயற்சியிலும் ஒப்பிடப்படும் குறியீடு மாறுவதால், ஏறக்குறைய 256இல் ஒரு தடவை தப்பான கடவுச்சொல் சரி ஆகிவிடுகிறது. 300 முறை முயன்றால் உள்ளே போகும் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடு, ஆயிரம் முறை முயன்றால் 98. ஒரு கணினிக்கு இது நொடிக்கணக்கு வேலை.

எல்லாக் கணினிகளிலும் இது நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஃபங்ஷனின் வேகமான வடிவம் சேர்க்கப்பட்ட இடங்களில் மட்டுமே எண் அவ்வளவு பெரிதாக வந்தது. எழுதியவரின் கணினியில் ஆயிரம் சோதனைகளும் சரியாக ஓடியிருக்கலாம்.

பிஎச்பி மொழியில் இதே குடும்பத்துத் தவறு இன்றும் பழைய தளங்களில் கிடைக்கிறது. 240610708 என்ற எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொடுத்து அதன் எம்டி5 விடையை, அதாவது ஹேஷை, பாருங்கள். முதலில் பூஜ்யம், அடுத்து ‘இ’ ஒலி கொண்ட ஆங்கில எழுத்து, பிறகு முப்பது இடங்களிலும் வெறும் இலக்கங்கள். இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிடச் சொன்னால், பிஎச்பி இதை எழுத்துத் தொடராகப் பார்க்காமல், பூஜ்யத்தைப் பத்தின் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கிய எண்ணாகப் படித்துவிடும். அதாவது பூஜ்யம். சேமித்து வைத்திருக்கும் ஹேஷும் தற்செயலாக இதே அமைப்பில் இருந்தால், இரண்டு பூஜ்யங்களும் சமம், கதை முடிந்தது. திருத்தம் இன்னொரு சமக்குறி. மூன்று போட்டால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

லாகின் பக்கத்தைவிட, ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று கேட்கும் பக்கம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. முன்பக்கத்துக்குப் பல ஆண்டு உழைப்பு போயிருக்கும். இந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் ஒரு வாரத்தில் எழுதியிருப்பார். அதன் அடிப்படை, போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் ஆறு இலக்க எண். ஆறு இலக்கத்தில் மொத்தம் பத்து லட்சம் எண்கள்தான் உண்டு. மனிதனுக்கு அது பெரிய எண், கணினிக்கு அது பொருட்டே இல்லை. ஆகவே அந்த எண்ணின் பாதுகாப்பு முழுவதும், எத்தனை தடவை தப்பாக அடிக்க விடுகிறோம் என்பதில் மட்டுமே இருக்கிறது.

2016 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த ஆனந்த் பிரகாஷ் ஃபேஸ்புக்கில் இதைச் சோதித்தார். முதன்மைத் தளத்தில் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் விடவில்லை. ஆனால் புது வசதிகளை முன்னோட்டம் பார்க்க ஃபேஸ்புக் வைத்திருந்த ‘பீட்டா’ முகவரியிலும் அதே கணக்குகள், அதே ஆறு இலக்க எண் இருந்தன. அங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு மட்டும் இல்லை. தன்னுடைய சொந்தக் கணக்கிலேயே முயன்று கடவுச்சொல்லை மாற்றிக் காட்டினார். ஃபேஸ்புக் அவருக்கு 15,000 டாலர் கொடுத்தது. ஒரு சர்வரில் எந்தெந்த வழிகளில் நுழையலாம் என்று பட்டியல் போடும்போது சோதனைக்கென வைத்த முகவரி, மொபைல் செயலிக்கான முகவரி, யாரும் பயன்படுத்தாத பழைய பதிப்பு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2019இல், சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்தது இன்னும் நுட்பமானது. அங்கே கட்டுப்பாடு இருந்தது. ஆறு இலக்க எண்ணின் ஆயுளும் பத்தே நிமிடம். ஆனால் கட்டுப்பாடு, கோரிக்கை எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்து எண்ணியது. கூடவே இன்னொன்றையும் கவனித்தார். கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது சர்வர் சரியாக எண்ணுகிறது, ஒரே நேரத்தில் கூட்டமாக வந்தால் எண்ணிக்கை தடுமாறுகிறது. இது நடக்கும் விதம் எளிது. சர்வர் முதலில் ‘இதுவரை எத்தனை தப்பு?’ என்று பார்க்கிறது, அளவுக்குள் இருந்தால் எண்ணைச் சோதிக்கிறது, பிறகு கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது, மில்லி விநாடிகள்தான். அந்த இடைவெளிக்குள் வரும் நூறு கோரிக்கைகளும் ஒரே பழைய கணக்கைப் பார்த்து, எல்லாமே அனுமதி பெற்றுவிடும்.

முத்தையா ஆயிரம் ஐபி முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் எண்களைத் தடையில்லாமல் அனுப்பிக் காட்டினார். பத்து லட்சத்தையும் முடிக்க ஐயாயிரம் முகவரிகள் வேண்டும். கிளவுட் நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தால் சுமார் 150 டாலர் ஆகும் என்று கணக்கும் சொன்னார். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் 30,000 டாலர் பரிசளித்தது. 2021இல் மைக்ரோசாஃப்டின் ஏழு இலக்க எண்ணிலும் இதே வகைக் குறையைக் காட்டி 50,000 டாலர் பெற்றார். அங்கே கோரிக்கைகள் எல்லாம் உண்மையிலேயே ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. சில மில்லி விநாடி பிந்தினாலும் தடுத்துவிட்டது.

சரிசெய்வது எப்படி? எண்ணிக்கையை ஐபி முகவரியோடு மட்டும் கட்டக் கூடாது. எந்தக் கணக்கைத் திறக்க முயல்கிறார்களோ அந்தக் கணக்கோடும், அனுப்பிய அந்த ஒரு எண்ணோடும் கட்ட வேண்டும். ஐந்து தப்பு ஆனதும் அந்த எண்ணே செல்லாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். புதிதாக வாங்குவதற்கும் ஓர் அளவு வேண்டும். தப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் பார்ப்பதும் டேட்டாபேஸில் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். முதலில் கூட்டு, பிறகு சோதி என்று வரிசையை மாற்றினாலே பாதிக் கஷ்டம் தீரும். ஆனால் பயனரின் கணக்கையே பூட்டிவிடும் கட்டுப்பாட்டில் எச்சரிக்கை தேவை. பிடிக்காதவர் கணக்கில் வேண்டுமென்றே ஐந்து தடவை தப்பாக அடித்து, அவரை வெளியே நிறுத்திவிடலாம்.

நேரம் என்பதும் ஒரு கசிவு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2016இல் வெளியான குறை இதற்கு நல்ல பாடம். இல்லாத பயனர் பெயரைக் கொடுத்தால் உடனே மறுத்துவிடாமல், ஒரு போலி ஹேஷோடு ஒப்பிட்டுக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு மறுக்கும்படி எழுதியிருந்தார்கள். பெயர் இருக்கிறதா இல்லையா என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் போலி ஹேஷ் ஒரு வகை, உண்மையான பயனர்களின் ஹேஷ் வேறு வகை. பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள கடவுச்சொல்லை அனுப்பினால், உண்மையான பெயருக்கு மறுமொழி தாமதமாக வந்தது, இல்லாத பெயருக்குச் சீக்கிரம் வந்தது. வெப் சர்வர்களிலும் இது மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் குறை. உங்கள் தளத்தில் இருக்கிற ஒரு பெயரையும் இல்லாத ஒரு பெயரையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.

கடவுச்சொற்களைச் சேமிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் விடை 1979லேயே வந்துவிட்டது. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஹேஷ் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ‘சால்ட்’ என்ற தனித்தனி எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று காரணத்தோடு விளக்கினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. 33 ஆண்டுகள் கழித்து, 2012இல், லிங்க்ட்இன் தளத்திலிருந்து 65 லட்சம் ஹேஷ்கள் வெளியே வந்தன. சால்ட் இல்லை, மெதுவான கணக்கும் இல்லை. 2016இல் பார்த்தால், உண்மையில் போனது 11 கோடிக்கும் மேல். வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் என்ற ஹேஷ் கணக்கு 1999இலேயே இருந்தது. இது அறியாமையால் வந்த குறை அல்ல. ஓடுகிற தளத்தைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை என்பதே உண்மை.

பழைய ஹேஷ்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கடவுச்சொற்கள் கையில் இல்லையே, எப்படி மாற்றுவது என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற பழைய ஹேஷையே உள்ளீடாக வைத்து, அதன்மேல் சால்ட் சேர்த்து பிகிரிப்டையோ ஆர்கான்2வையோ ஓட்டி, ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். பயனர் அடுத்த முறை லாகின் செய்யும்போது நேரடியான புது ஹேஷாகச் சேமித்துக்கொள்ளலாம். பழைய பட்டியலையும் அதன் பேக்கப் பிரதிகளையும் அழிப்பதுதான் மறந்துபோகும் வேலை.

உள்ளே நுழைந்த பிறகு நடப்பதைப் பலர் சரிபார்ப்பின் பகுதியாகவே நினைப்பதில்லை. வெப் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள். 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மோண்டுல்லி இதற்காகத்தான் குக்கியை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் தரும் டோக்கன் மாதிரி அது. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவர் கைக்குப் போகும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ‘ஃபயர்ஷீப்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி இதை உலகுக்குக் காட்டியது. பொது வைஃபையில் உட்கார்ந்திருப்பவர்களின் குக்கிகள் மறைகுறியாக்கம் இல்லாமல் காற்றில் போவதைப் பிடித்து, அவர்களுடைய ஃபேஸ்புக் கணக்கை ஒரே கிளிக்கில் திறந்துவிடும். அப்போதெல்லாம் லாகின் பக்கத்துக்கு மட்டும் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்க இணைப்பு போட்டு, உள்ளே போனதும் சாதாரண இணைப்புக்கு மாறிவிடுவது வழக்கம்.

இன்று எச்டிடிபிஎஸ் எங்கும் வந்துவிட்டது. ஆனாலும் இதே இடத்தில் இன்னொரு குறை மிச்சமிருக்கிறது. உங்கள் தளத்தில் லாகின் செய்து, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் குக்கியின் மதிப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாகவுட் செய்யுங்கள். இப்போது நகலெடுத்த மதிப்பை மறுபடி ஒட்டிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால், லாகவுட் பொத்தான் பிரவுசரிலிருந்து குக்கியை அழித்ததே தவிர, சர்வர் அந்த செஷனை, அதாவது நீங்கள் உள்ளே இருக்கும் நிலையை, முடிக்கவில்லை என்று பொருள். கடவுச்சொல்லை மாற்றிவிட்டும் இதே சோதனையைச் செய்யுங்கள். கணக்கு திருடுபோனதை அறிந்து பதறிக் கடவுச்சொல்லை மாற்றும் ஒருவருக்கு, திருடனின் பழைய செஷன் உயிரோடு இருக்க விடுவது பெரிய துரோகம்.

இவை எல்லாமே எழுதி வைக்கக்கூடிய சோதனைகள். வெறுமை, பாதி, கூட்டம், பழையது, பிறருடையது என்று ஒவ்வொன்றையும் நிரலாகவே எழுதி, புதுப் பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி வைத்துவிடலாம். உங்களுடைய சர்வரில், அல்லது உரியவர் எழுத்தில் அனுமதி தந்த சர்வரில் மட்டும். பிரகாஷும் முத்தையாவும் சோதித்தது, குறை சொல்பவர்களை வரவேற்று விதிமுறையோடு அறிவிப்பு வெளியிட்டிருந்த நிறுவனங்களின் தளங்களை. அனுமதி இல்லாமல் செய்தால், நோக்கம் நல்லதென்று சொன்னாலும், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் குறுக்கே வரும், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

முதலில் சொன்ன ஏஎம்டி குறைக்குத் திருத்தம் ஒரு வரிதான். ஆனால் அது ஃபர்ம்வேரில் இருந்ததால், கணினி தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மாடல்களுக்குத் தனித்தனியாகப் புதுப்பிப்பு வெளியிட வேண்டியிருந்தது. அதை ஒவ்வொரு கணினியிலும் யாராவது ஏற்றவும் வேண்டும். அதுவரை வசதியையே அணைத்து வைக்க இன்டெல் வழிகாட்டியது. குறையைக் கண்டுபிடிப்பதற்கும் அது உண்மையில் இல்லாமல் போவதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரம் பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்ததாக இருப்பதில்லை.

இப்போது கடவுச்சொல்லுக்கு மாற்றாக பாஸ்கீ பரவி வருகிறது. 2019இல் தரநிலையான வெப்ஆத்தன் இதன் அடிப்படை. போனுக்குள் ஒரு ரகசியச் சாவி, சர்வரில் அதற்கு இணையான பொதுச் சாவி. சர்வர் திருடப்பட்டாலும் பொதுச் சாவியை வைத்து யாரும் நுழைய முடியாது. போலித் தளம் கேட்டால் போன் விடை தராது. கடவுச்சொல்லின் கஷ்டங்களில் பெரும்பகுதியை இது உண்மையாகவே ஒழிக்கிறது. ஆனால் போன் தொலைந்துவிட்டால்? பல தளங்களில் ‘வேறு வழியில் நுழைய’ என்று சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. அதைத் தொட்டால் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் வருகிறது. அந்தத் தளத்தின் பாதுகாப்பு அப்போது பாஸ்கீயின் பலம் அல்ல, அந்த ஆறு இலக்கத்தின் பலம்தான். பதிவு செய்யும்போதே இரண்டு கருவிகளில் பாஸ்கீ வைக்கச் சொல்லலாம். மீட்புக் கோரிக்கை வந்தால் உடனே திறக்காமல் ஒரு நாளாவது நிறுத்தி வைத்து, பயனரின் தெரிந்த முகவரிகள் எல்லாவற்றுக்கும் ‘இது நீங்கள்தானா?’ என்று செய்தி அனுப்பலாம். தாமதத்தைப் பயனர்கள் விரும்ப மாட்டார்கள், புகார் வரும். ஆனாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.